மணமேடைப் பூக்களும் மறந்துபோன கூலியும்

 

சீர்வரிசைச் சுமை குறித்து முன்னர் இப்பகுதியில் எழுதியதைப் படித்த சகோதரிகள் சிலர், “மண்டபச் செலவைப் பற்றியும் எழுதுங்கள்” என்று மடல் வரைந்திருந்தனர். மண்டபச் செலவு என்பது ஒரு பெருங்கடல். அதில் ஒரேயொரு துளியை மட்டும் எடுத்துக்கொண்டு இம்மாதம் உங்களோடு பேச விழைகின்றேன். அத்துளி, பூ.

பூவைப் பற்றிப் பேச வேண்டுமானால் பெங்களூரிலிருந்து தொடங்குவதே முறை. நம்மில் பலருக்கு அந்நகரில் மகளோ, மருமகனோ, தம்பியோ இருக்கின்றனர். விடுமுறைக்குச் சென்றால் லால்பாகைப் பார்க்காமல் திரும்புவதில்லை. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியில் குடியரசு நாளையொட்டியும் ஆகஸ்டில் சுதந்திர நாளையொட்டியும், அங்கே மலர்க் கண்காட்சி நடைபெறுகின்றது. 1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற கண்ணாடி மாளிகையின் நடுவே, பல இலட்சம் மலர்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் ஓர் உருவம் சமைக்கின்றனர். 2023 ஆகஸ்டில் நான் கண்டது, கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமாகிய விதான சௌதாவை. 1956இல் கட்டி முடிக்கப்பட்ட அக்கட்டடத்தை எழுப்பிய முதலமைச்சர் கெங்கல் ஹனுமந்தையாவின் நினைவாக அதனைப் பூக்களால் நிறுத்தியிருந்தார்கள். கல்லில் ஆண்டுக் கணக்கில் எழுந்த கட்டடம், பூவில் சில நாட்களில் எழுந்து நின்றது.

அந்தக் கூட்டத்தில் நம் சமுதாயப் பெண்மக்கள் குழந்தைகளோடு நின்று களிப்பதைக் கண்டேன். அவர்களுள் எத்துணைப் பேருக்கு அத்தோட்டத்தின் வரலாறு தெரிந்திருக்கும்?

லால்பாகைத் தோற்றுவித்தவர் நவாப் ஹைதர் அலி. ஆண்டு 1760. அதனை விரிவாக்கியவர் அவர்தம் மைந்தர் திப்பு சுல்தான். வெளிநாடுகளிலிருந்து விதைகளையும் கன்றுகளையும் தருவித்து நட்டவர் அவர். 1787இல் பிரான்சு மன்னர் 16ஆம் லூயியிடம் தம் தூதர்களை அனுப்பியபோது, படை உதவியும் கைவினைஞரும் கோரியதோடு நில்லாமல், செடி விதைகளையும் தோட்டக்கலை அறிந்தோரையும் அவர் கேட்டிருந்தார். போர்முனையிலேயே வாழ்நாளைக் கழித்த ஒரு மன்னர் பூஞ்செடியை நினைத்திருந்தார் என்பது எண்ணி மகிழத்தக்கது. 1791இல் பெங்களூர்க் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணமும் வீழ்ந்தது; சுல்தான் ஷஹீதானார். கோட்டைகள் சிதைந்தன, தோட்டம் நிலைத்தது. 1856இல் அரசுத் தாவரவியல் பூங்காவாக மாறி, இன்று 240 ஏக்கரில் பரந்து கிடக்கின்றது. நட்டவர் போனபின்னும் நிழல் தருவதே மரத்தின் இயல்பு. நிலையான தர்மம் என்று நம் உலமாக்கள் எடுத்துச் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேறு வேண்டுமோ?

பின்னர் 1908ஆம் ஆண்டு அப்பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஜெர்மானியர் க்ரும்பீகல் வேறொரு நற்பணி செய்தார். ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்கத் தொடங்குமாறு நகரத்து வீதிகளில் மரங்களைத் தேர்ந்து நடும் முறையை வகுத்தார். பின்வந்தோரும் அதனைத் தொடர்ந்தனர். ஆகவேதான் பெங்களூரில் கோடை தொடங்கும்போது இளஞ்சிவப்பு மரங்களும், அடுத்து நீலவூதா நிற ஜக்கரந்தாவும், சித்திரை வெயிலில் செம்மயிற் கொன்றையும் வரிசையாகப் பூக்கின்றன. நுழைவுச் சீட்டு இல்லாத மலர்க் கண்காட்சி அது. செல்வரும் வறியரும் ஒருசேரக் காணலாம்.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன். இது எனக்கே பெருமை தராத செய்தி. ஆயினும் எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

2023ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளை அடுத்த வாரத்தில், ஜூலை மாதத் தொடக்கத்தில், என் தமக்கையார் மகளின் நிக்காஹ் பெங்களூரில் நடந்தது. தாய்மாமன் என்ற முறையில் மண்டபம், சமையல், அலங்காரம் ஆகிய மூன்றின் வரவு செலவும் என் கையில் இருந்தன. “மேடை நன்றாக இருக்கட்டும் தம்பி, மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் பேசுவார்கள்” என்று தமக்கையார் கூறினார். அந்த ‘நாலு பேர்’ யாரென்று இன்றுவரை எவரும் கண்டதில்லை. நம் திருமணச் செலவுகளில் பாதி அவர்களுக்காகவே செய்யப்படுகின்றது.

பூ அலங்காரக்காரர் ஒருவரை மண்டபத்தார் காட்டினர். ஐம்பது வயது கடந்தவர். வீட்டில் தமிழ் பேசுபவர். நாற்பத்தையாயிரம் ரூபாய் கேட்டார். இவ்வளவு குறைவாகக் கேட்கின்றாரே என்று வியந்தபோது காரணமும் சொன்னார்: “இது ஆஷாட மாதம், பாய். எங்கள் சனங்களில் இந்த மாதம் கல்யாணம் இல்லை. பூவும் மலிவு, வேலையும் இல்லை. உங்கள் வீட்டுக் கல்யாணங்கள்தான் இப்போது எங்களுக்குச் சோறு போடுகின்றன.”

நம் ஆடி மாதத்தைப் போன்றது கன்னட நாட்டு ஆஷாடம். நம் மாதங்களோ பிறைக் கணக்கில் சுழன்று வருபவை. அவர்களுக்கு வேலையற்ற காலத்தில் நமக்குத் திருமணம் வருவதும், நாம் ரமழானில் ஓய்ந்திருக்கும்போது அவர்களுக்கு முகூர்த்தம் வருவதும் உண்டு. இப்படித்தான் ஒருவர் விளக்கில் மற்றவர் எண்ணெய் எரிகின்றது. இருபதாயிரம் முன்பணம் கொடுத்தேன்.

நிக்காஹுக்கு முந்திய இரவு பத்து மணிக்கு மேல் மண்டபம் அவர்கள் கைக்குக் கிடைத்தது. ஆண்கள் நால்வர் சட்டம் கட்ட, பெண்கள் ஆறு பேர் தரையில் அமர்ந்து சாமந்தியும் சம்பங்கியும் தொடுத்தனர். ரோஜாக்களைத் தண்ணீரில் ஊறிய பச்சை நிற நுரைக்கட்டிகளில் ஒவ்வொன்றாகச் செருகினர். பஜ்ருக்கு நான் எழுந்து சென்றபோது மேடை முடிந்திருந்தது. அப்பெண்கள் படிக்கட்டில் சாய்ந்தவாறே உறங்கிக்கொண்டிருந்தனர். சுப்ஹானல்லாஹ், மேடை அத்துணை அழகு!

அழைப்பிதழில் காலை 11 மணி என்று அச்சிட்டிருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் வந்து சேர்ந்ததும், பெரியவர்கள் கூடியதும், ஒப்பந்தம் எழுதியதுமாக 1 மணி கடந்துவிட்டது. விளக்குகளின் வெப்பத்தில் மேடையின் இடப்புறத்து ரோஜாக்கள் சோர்ந்து தலை சாய்ந்தன. எவரும் அதைப் பெரிதாகக் கருதவில்லை. நான் மட்டும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

வலீமா முடிந்ததும் அவர் மீதிப் பணத்திற்கு வந்தார். “கணக்குகளை முடித்துவிட்டு அடுத்த வாரம் தருகின்றேன்” என்றேன். பணம் என் பையில் இருந்தது. இருந்தும் ஏன் அவ்வாறு சொன்னேன்? சமையற்காரருக்குக் கொடுத்தாயிற்று, மண்டபத்திற்கும் கொடுத்தாயிற்று. பூக்காரருக்குத் தாமதித்தால் என்ன என்று மனம் எண்ணியது, அவ்வளவே. அவர் மூன்று முறை வந்தார். நான்காம் முறை, அதாவது மூன்று வாரங்கள் கழிந்து, இருபத்து மூவாயிரம் கொடுத்தேன். ரோஜா வாடியதற்காக இரண்டாயிரத்தைக் குறைத்தேன்.

அவர் சண்டையிடவில்லை. “பூ என்றால் வாடும், பாய். அது ஆண்டவன் விதித்தது. நாங்கள் பதினொரு மணிக்குத்தான் கணக்கு வைத்துக் கட்டினோம்” என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

ஆகஸ்டில் லால்பாகின் கண்ணாடி மாளிகையில் நின்றபோது அச்சொல் மீண்டும் காதில் ஒலித்தது. அங்கே தொழிலாளர் சிலர் வாடிய பூக்களைப் பிடுங்கிவிட்டுப் புதியவற்றைச் செருகிக்கொண்டிருந்தனர். கண்காட்சி பல நாட்கள் நடப்பதால் மலர்களை இடையிடையே மாற்றியே ஆக வேண்டும். அரசு நடத்தும் காட்சியிலேயே பூ வாடுகின்றது. அதற்காக அந்தத் தொழிலாளியின் கூலியை எவரும் பிடிப்பதில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவரிடம் தொலைபேசியில் பேசுவதற்கு நாணம். காலையில் பூச்சந்தையில் இருப்பேன் என்று அவர் முன்பு சொல்லியிருந்ததால், பஜ்ருக்கு முன்னரே புறப்பட்டேன்.

பெங்களூரின் கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் 1928ஆம் ஆண்டு தோன்றியது. அருகே பழைய கோட்டையின் எஞ்சிய பகுதியும், 1791இல் கட்டி முடிக்கப்பட்ட திப்பு சுல்தானின் கோடை மாளிகையும் உள்ளன. ஜாமியா மஸ்ஜிதும் அங்கேதான். ஊர் உறங்கும்போது அச்சந்தை விழித்திருக்கின்றது. விடியுமுன் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தும் நம் தமிழகத்து ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் மூட்டை மூட்டையாய்ப் பூக்கள் வந்திறங்குகின்றன. பூக்களைக் குன்றுகளாய்க் குவித்து எடைபோட்டு விற்கின்றனர். அங்கிருந்து வாங்கிச் செல்லும் சிறு வியாபாரிகள் சரமாகத் தொடுத்து முழக் கணக்கில் விற்கின்றனர். எடைக்கும் முழத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் பெண்களின் விரல் உழைப்பு.

அங்கே குவிந்து கிடந்த ஆரஞ்சு நிறப் பூவை நம்மூரில் துலுக்கச் சாமந்தி என்பர். பெயரைக் கேட்டால் துருக்கியிலிருந்து வந்தது போலத் தோன்றும். உண்மையில் அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்து மெக்சிகோ. அப்பூ நம் பெயரைத் தாங்கிக்கொண்டு கோயில் மாலைகளில் மணக்கின்றது. இந்நாட்டில் எது எவருடையது என்று பிரித்துப் பார்ப்பது எத்துணைக் கடினம்!

பூ வியாபாரத்தின் இயல்பு மற்ற வியாபாரங்களைப் போன்றதன்று. அரிசி விற்காவிட்டால் நாளை விற்கலாம். துணி விற்காவிட்டால் அடுத்த பெருநாளுக்கு விற்கலாம். காலையில் விற்காத பூ மாலையில் குப்பை. விசேட நாட்களுக்கு முன்தினம் விலை பன்மடங்கு ஏறும். மறுநாள் கேட்பாரற்றுக் கிடக்கும். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது என்ன நடந்தது என்பதைச் செய்தித்தாள்களில் கண்டிருப்பீர்கள். திருமணங்கள் நின்றன, வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன, விமானங்கள் பறக்கவில்லை. ஓசூர்ப் பகுதியில் பசுமைக் குடில்களில் வளர்த்த ரோஜாக்களை விவசாயிகள் தம் கையாலேயே பறித்துக் கொட்டினர். பறிக்காமல் விட்டால் செடி கெடும். பறித்தாலோ வாங்குவார் இல்லை. பிப்ரவரியில் வெளிநாடுகளுக்குப் பறக்கும் அச்செந்நிற ரோஜா வகைக்குத் தாஜ்மகால் என்று பெயர். பெயரில் அரச வாழ்வு. வாழ்விலோ ஒருநாள் ஆயுள்.

அந்நகரின் பூத்தொழிலோடு இணைந்த மற்றொரு செய்தியும் நினைவிற்கு வருகின்றது. திகளர் என்னும் சமூகத்தார் தமிழகத்திலிருந்து முற்காலத்தில் குடிபெயர்ந்தவர்களாகக் கருதப்படுவோர். வழிவழியாகத் தோட்டத் தொழில் செய்தோர். லால்பாகை வளர்த்த கைகளில் இவர்களுடையவையும் உண்டென்பர். ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி இவர்கள் கொண்டாடும் கரக விழாவில், மல்லிகையால் மூடிய கரகத்தைத் தலையில் ஏந்தி நகர்வலம் வருகின்றனர். அவ்வூர்வலம் காட்டன்பேட்டையிலுள்ள ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவிற்கும் சென்று திரும்புவது நெடுங்கால வழக்கம். வழிபாடு அவரவர்க்கு உரியது; அயலார் உறவு எல்லோர்க்கும் உரியது.

சந்தையில் அவரைத் தேடிக் கண்டேன். சாமந்தி மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் மற்றொரு திருமணம் போலும் என்று எண்ணிச் சிரித்தார். இரண்டாயிரம் ரூபாயை நீட்டி, “நான் பிடித்தது தவறு” என்றேன். வாங்கிக்கொண்டார். அருகில் வாழைநாரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியைக் காட்டி, “அன்று இவரும் வந்திருந்தார்” என்றார்.

“இவர்களுக்கெல்லாம் எப்போது கூலி கொடுத்தீர்கள்?” என்று கேட்டேன்.

“அன்று காலையிலேயே கொடுத்துவிட்டேன். இரவெல்லாம் கண் விழித்தவர்களை நாளை வா என்று சொல்ல முடியுமா, பாய்?”

“பணம்?”

“தண்டல்காரரிடம் வாங்கினேன். நீங்கள் கொடுத்ததும் அடைத்துவிட்டேன்.”

அன்பர்களே! தண்டல் என்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுத்து, நாள்தோறும் வசூலிக்கும் கடன். நான் வட்டி வாங்காதவன். வங்கிக் கணக்கில் சேரும் சிறு வட்டியையும் எனக்கென எடுத்துக்கொள்ளாதவன். ஜும்ஆ மேடையில் வட்டியின் கொடுமையை ஹஸ்ரத் எடுத்துரைக்கும்போது, இப்பாவத்தில் எனக்குப் பங்கில்லை என்று நிம்மதியாக அமர்ந்திருந்தவன். பையில் பணத்தை வைத்துக்கொண்டு நான் கடத்திய மூன்று வாரங்களுக்கு, எளியவர் ஒருவர் வட்டி கட்டியிருக்கின்றார்! உழைத்தவருக்குக் கூலியைத் தாமதிக்கலாகாது என்ற நபிமொழியைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான். அதைக் கேட்டறியாத அவரோ அன்று காலையிலேயே அதன்படி நடந்துவிட்டார்.

எவ்வளவு வட்டி என்று கேட்டு, அதையும் கொடுத்தேன். சற்றுத் தயங்கிப் பின் வாங்கிக்கொண்டார். அது நான் செய்த தர்மமன்று. அவருக்குச் சேர வேண்டியது. தொகை அடைந்தது. மூன்று முறை அவரை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியதை எதைக் கொண்டு அடைப்பேன்? “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். “அதெல்லாம் எதற்கு, பாய்?” என்றார். அவருக்கு விலை பேசும் அவசரம்.

பூக்களே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நறுமணம் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு மிக விருப்பமானது. மணமுள்ள பொருளைத் தந்தால் மறுக்க வேண்டா என்பதும் அவர்கள் காட்டிய வழி. பூவை வெறுக்கும் மார்க்கம் அன்று நம்முடையது. மேலும், நாம் அனைவரும் பூ வாங்குவதை நிறுத்திவிட்டால் அந்த ஆறு பெண்களின் அடுப்பு எரிவது எப்படி? ஆனால் அழகிற்கும் ஆடம்பரத்திற்கும் இடையே ஒரு கோடு உண்டு. ஒரு மணி நேர நிழற்படத்திற்காகத் தொலைநாட்டுப் பூக்களைத் தருவிப்பதும், அவ்வளவையும் மாலையில் குப்பை வண்டியில் ஏற்றுவதும் வீண்விரயமேயாகும். விரயத்தைத் திருமறை எத்துணைக் கடுமையாகக் கண்டிக்கின்றது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே, இல்லத்தில் திருமணம் வைத்திருக்கும் அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்கள்.

முதலாவது, அந்தப் பருவத்தில் அந்த ஊரில் விளையும் பூவைக் கேளுங்கள். பருவத்துப் பூ மலிவு, எளிதில் வாடாது, அக்கம்பக்கத்து விவசாயிக்கும் பயன். சாமந்தியும் சம்பங்கியும் மல்லிகையும் கொண்டே மனங்கவரும் மேடை அமைக்கலாம்.

இரண்டாவது, பூ செருகும் அந்தப் பச்சை நுரைக்கட்டி மட்காத பொருள். உதிர்ந்து மண்ணில் கலந்தால் அங்கேயே தங்கிவிடும். நாரிலும் நூலிலும் தொடுக்கும் பழைய முறையைக் கேட்டுப் பெறுங்கள். தொடுக்கும் கைகளுக்கும் வேலை பெருகும்.

மூன்றாவது, மேடையோரங்களில் தொட்டிச் செடிகளை வைக்கச் சொல்லுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அவற்றை மஹல்லாவின் மதரஸாவிற்கும் அண்டை வீடுகளுக்கும் கொடுக்கலாம். மறுமை நாள் நெருங்கிய வேளையிலும் கையிலுள்ள கன்றை நடச் சொன்ன மார்க்கமன்றோ நம்முடையது? உதிர்ந்த பூக்களைத் தோட்டத்துக் குழியிலிட்டால் உரமாகும்.

நான்காவது, அழைப்பிதழில் அச்சிட்ட நேரத்தைக் காப்பாற்றுங்கள். உங்கள் தாமதத்தில் முதலில் வாடுவது பூ. அடுத்து வாடுவது பூக்காரரின் முகம்.

ஐந்தாவதே தலையாயது. பேசிய தொகையை இருவரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை ஓர் உறையிலிட்டு, நிக்காஹ் நாள் காலையிலேயே பொறுப்பான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வலீமா விருந்தில் நீங்கள் கை நனைக்குமுன் பூக்காரர், பந்தற்காரர், பாத்திரம் கழுவுவோர் அனைவரின் கையிலும் அவரவர் கூலி சேர்ந்திருக்க வேண்டும். கொடுக்க வசதியிருந்தும் கடனைத் தள்ளிப்போடுவது அநீதி என்பது மார்க்கத் தீர்ப்பு. மஹல்லா ஜமாஅத்துகள் நிக்காஹ் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும்போது, “கூலியெல்லாம் கொடுத்தாயிற்றா?” என்று ஒரு சொல் கேட்டாலும் போதும், பலர் நினைவுகூர்வர்.

அண்மையில் என் தமக்கையாரின் இளைய மகளுக்கும் திருமணம் நடந்தது. அதே மண்டபம், அதே பூக்காரர். மேடை முன்னையதில் பாதியளவே. பஜ்ரு முடித்து வந்து, படிக்கட்டில் சாய்ந்திருந்த அப்பெண்களுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, உறையை அவரிடம் நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு, “இன்னும் கல்யாணமே நடக்கவில்லையே, பாய்” என்றார். நிக்காஹ் அன்றும் தாமதமாகத்தான் நடந்தது, ரோஜாவும் வாடியது. அந்த ‘நாலு பேர்’ வந்திருந்தார்களோ என்னவோ, எவரும் எதுவும் பேசவில்லை.

பிறர் உழைப்பின் மணத்தை நுகர்ந்துவிட்டு அவர்தம் உரிமையை மறந்துபோகும் மனத்திலிருந்து வல்ல இறைவன் நம்மையும் நம் சந்ததியினரையும் காத்தருள்வானாக! ஆமீன்.